தேதியற்ற சிறையும் நாளெண்ணும் உடலும்

இஸ்ரேலிய ராணுவத்தின் ஆளுகையில் உள்ள மேற்குக் கரையில் ஒருவரைக் குற்றம் சாட்டாமலும் விசாரிக்காமலும் சிறையில் வைத்திருக்கப் பயன்படும் ஏற்பாட்டுக்கு அரபியில் ‘இஃதிகால் இதாரி’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நிர்வாகக் காவல்’ என்று வரும். நீதிமன்றத்துக்கு உரிய வேலையை நிர்வாகம் தன் கையில் எடுத்துக்கொண்டதை அந்தப் பெயரே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. ராணுவத் தளபதி ஒரு தாளில் கையொப்பமிட்டால் ஒருவரை அதிகபட்சம் ஆறு மாதம் அடைத்து வைக்கலாம். அது முடியும்போது இன்னொரு தாளில் கையொப்பமிட்டு மேலும் ஆறு மாதம் நீட்டிக்கலாம். இத்தனை முறைக்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்ற வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆணை பிறந்த எட்டு நாட்களுக்குள் ராணுவ நீதிபதி ஒருவர் அதைப் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் ரமல்லாவுக்கு அருகிலுள்ள ஓஃபெர் முகாமின் ராணுவ நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் நடக்கும் அந்தப் பரிசீலனையில், உள்நாட்டு உளவுத்துறையான ஷின் பெத் தரும் இரகசியக் கோப்பை நீதிபதி படிப்பார், காவலில் இருப்பவரோ அவருடைய வழக்கறிஞரோ அதைப் பார்க்க முடியாது. அவர்கள் கைக்குக் கிடைப்பது, சம்பந்தப்பட்டவரால் வட்டாரத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்ற அளவில் எழுதப்பட்ட ஓரிரு வரிச் சுருக்கம் மட்டுமே.

ஆறு மாதம் முடியும் நாளில், உடைமைகளைக் கட்டி வைத்துவிட்டுக் கதவு திறக்கும் என்று காத்திருந்தவரிடம் நீட்டிப்பு ஆணையைக் கொடுத்துவிட்டுப் போவது சிறைகளில் பலமுறை நடந்திருக்கிறது. பத்தாண்டு தண்டனை பெற்ற கைதி, கொடுமையானதே ஆனாலும், ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறார். கழிந்தது இத்தனை, மிச்சம் இத்தனை என்று சுவரில் கோடு போட அவரால் முடியும். நிர்வாகக் காவலில் இருப்பவருக்கு முடிவுத் தேதி தெரியாததால் கழிந்த நாட்கள் எதிலிருந்தும் கழிவதில்லை. பாலஸ்தீனக் கைதிகளின் பட்டினிப் போராட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தக் காலக்கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். சித்திரவதை, தனிமைச் சிறை, குடும்பத்தினர் சந்திப்புக்குத் தடை ஆகியவற்றுக்கு எதிராகவும் அவர்கள் உணவை மறுத்ததுண்டு என்றாலும், தனியொரு மனிதர் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும் வகைப் போராட்டம் பெரும்பாலும் இந்தத் தேதியற்ற காவலிலிருந்தே பிறந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் பிறப்பு வரலாறு வேடிக்கையும் வேதனையும் கலந்தது. பாலஸ்தீனம் பிரிட்டிஷ் பொறுப்பாட்சியின் கீழ் இருந்தபோது, 1945-இல், பாதுகாப்பு (நெருக்கடிநிலை) ஒழுங்குவிதிகள் என்ற பெயரில் ஒரு விதித்தொகுப்பு பிறப்பிக்கப்பட்டது. விசாரணையின்றிக் காவலில் வைப்பது, நாடு கடத்துவது, வீட்டை இடிப்பது எல்லாம் அதில் அடக்கம். அப்போது அதன் கை முதன்மையாக நீண்டது பிரிட்டிஷாருக்கு எதிராக ஆயுதம் ஏந்திய யூதக் குழுக்களின் மீதுதான். 1946-இல் யூத வழக்கறிஞர்கள் டெல் அவிவில் மாநாடு கூட்டி இந்த விதிகளைக் கண்டித்தார்கள். பிற்காலத்தில் இஸ்ரேலின் சட்ட அமைச்சராக ஆன ஒருவரே இவற்றை நாஜி ஜெர்மனியோடு ஒப்பிட்டுப் பேசினார். பிரிட்டிஷார் எரித்திரியாவுக்கும் கென்யாவுக்கும் நாடு கடத்திய யூதக் கைதிகளில் ஒருவர் ஷ்முவேல் தாமிர். இர்குன் என்ற தலைமறைவு இயக்கத்தைச் சேர்ந்த அவர், விசாரணையில்லாக் காவலின் ருசியைத் தன் நாக்கிலேயே அறிந்தவர். அதே தாமிர், அதே இயக்கத்தின் தலைவராக இருந்த மெனாகெம் பெகினின் அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்தபோதுதான், 1979-இல், பிரிட்டிஷ் விதிகளின் காவல் பிரிவுக்குப் பதிலாக இஸ்ரேலின் சொந்தச் சட்டம் நிறைவேறியது. நீதிமன்றப் பரிசீலனை என்ற ஒரு படியைச் சேர்த்து அது பழைய விதியைச் சற்றே மென்மையாக்கியது என்பது உண்மை. விசாரணையில்லாக் காவல் என்ற அடித்தளத்தில் அது கை வைக்கவில்லை என்பதும் உண்மை. மேற்குக் கரைக்கு ராணுவ ஆணைகள் தனியே உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது 1651 என்ற எண்ணுள்ள ஆணை. காஸாவைச் சேர்ந்தவர்கள் மீது கையாளப்படுவது 2002-இல் வந்த, இன்னும் கடுமையான ‘சட்டவிரோதப் போராளிகள் சட்டம்’.

தமிழ் வாசகருக்கு இதில் அந்நியமான எதுவும் இருக்கத் தேவையில்லை, ஏனெனில் அதே பிரிட்டிஷ் கிடங்கிலிருந்து வந்த பொருள் இந்திய அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவிலும் குடியிருக்கிறது, தேசியப் பாதுகாப்புச் சட்டமாகவும் குண்டர் சட்டமாகவும் புழங்குகிறது. தமிழில் அதற்கு வழங்கும் ‘தடுப்புக் காவல்’ என்ற சொல் அரபிச் சொல்லைவிட விஷயத்தின் நடுவைத் தொடுகிறது: நடந்த குற்றத்துக்கான தண்டனையாக அல்லாமல், நடக்கக்கூடும் என்று ஒருவர் கருதுகிற குற்றத்தைத் தடுப்பதற்காகவே இந்தச் சிறை. இந்தியச் சட்டத்தில் பன்னிரண்டு மாதம் என்ற உச்சவரம்பும், காவலுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் பெயரளவிலாவது உண்டு. மேற்குக் கரை ஆணையில் அவையும் இல்லை. ஆக்கிரமிப்பில் உள்ள நிலப்பரப்பின் மக்களைத் தவிர்க்க முடியாத பாதுகாப்புக் காரணங்களுக்காகக் காவலில் வைக்க நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 78-ஆம் பிரிவு இடமளிக்கிறது என்று இஸ்ரேல் வாதிடுகிறது. பிரிவு இருப்பது உண்மைதான். விதிவிலக்கு என்று எழுதப்பட்ட ஒன்றை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் மீது ஏவினால் அது எத்தனை காலம் விதிவிலக்காக இருக்க முடியும் என்பதற்கு அந்த வாதத்தில் விடை கிடையாது.

காவலில் இருப்பவர்கள் எல்லோரும் எந்த இயக்கத்தோடும் தொடர்பற்றவர்கள் என்று சொல்வது நேர்மையாகாது. பலர் ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத், மக்கள் முன்னணி போன்ற அமைப்புகளின் ஆட்கள் என்பது ஊரறிந்த செய்தி. அவர்களே அதை மறைப்பதில்லை. தகவல் கொடுத்தவரின் உயிரைக் காக்க வேண்டியிருப்பதால் சாட்சியத்தை வெளியிட முடியவில்லை என்று அரசு கூறும் காரணமும் எல்லா நேர்விலும் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் குற்றவாளியா நிரபராதியா என்ற கேள்வியைக் கேட்பதற்கே இங்கே இடமில்லை என்பதுதான் சிக்கல். சாட்டப்படாத குற்றத்தை மறுக்க முடியாது. நேற்று எங்கே இருந்தாய் என்றால் சாட்சி கொண்டுவரலாம், நாளை என்ன செய்வாய் என்றால் எதைக் கொண்டுவருவது? வாதாடுவதற்கு எல்லா வழியும் அடைபட்ட இந்த இடத்தில், கோப்பில் இல்லாததும் அரசு தன் வசம் முழுமையாக எடுத்துக்கொள்ள முடியாததுமான ஒரே பொருள் கைதியின் உடல்தான்.

அந்த உடலால் நடத்தப்படும் போராட்டத்தைத் தமிழில் ‘உண்ணாவிரதம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். விரதம் என்ற சொல்லோடு நோன்பும் தூய்மையும் எதிராளியின் மனத்தை இளக்கும் தவமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. அரபியில் ரமலான் நோன்புக்கு ‘ஸவ்ம்’ என்பது சொல். கைதிகள் செய்வதை அந்தச் சொல்லால் யாரும் குறிப்பதில்லை. ‘இள்ராப்’ என்கிறார்கள், அதாவது கடையடைப்புக்கும் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கும் வழங்கும் அதே சொல். உணவு விஷயத்தில் வேலைநிறுத்தம் என்று அதன் பொருள். ‘வெற்றுக் குடல்களின் போர்’ என்ற இன்னொரு தொடரும் பாலஸ்தீன வழக்கில் ஊறிப்போயிருக்கிறது. காவலரின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பும் நோக்கம் இவற்றில் இல்லை. சிறை ஓடுவதற்குக் கைதியின் ஒத்துழைப்பு ஒன்று தேவைப்படுகிறது, அவர் உண்டு உறங்கி உயிரோடு இருந்து தர வேண்டும், அந்த வேலையை அவர் நிறுத்திவிடுகிறார் என்பதே இதன் தர்க்கம். ‘பட்டினிப் போராட்டம்’ என்ற தமிழ்ச்சொல் இதற்கு ஓரளவு பொருந்தும்.

அறையில் இருக்கும் உணவையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுக் கைதி தண்ணீரையும் ஒரு சிட்டிகை உப்பையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். அந்த உப்பைச் சிறை நிர்வாகம் பறிமுதல் செய்வதும், உப்பு வேண்டும் என்பதே ஒரு கோரிக்கையாவதும் உண்டு. முதல் ஓரிரு நாட்களில் ஈரலில் சேமித்த சர்க்கரை தீர்ந்துபோகிறது, பிறகு கொழுப்பு எரிகிறது, கொழுப்பு குறையக் குறையத் தசையே எரிபொருளாகிறது. முதல் வாரத்துப் பசி அடங்கிவிடும் என்பதை இதைக் கடந்தவர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவது பசியைவிட மோசம். பி1 வைட்டமின் தீரும்போது விழிகள் கட்டுப்பாடின்றி அசைகின்றன, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது, குடித்த தண்ணீரும் வாந்தியாக வெளியேறுகிறது. எழுபது நாள் என்ற எல்லையைச் சுற்றிச் சாவு எப்போதும் வரலாம் என்று அயர்லாந்துக் கைதிகளின் சாவுகளிலிருந்து மருத்துவ உலகம் அறிந்திருக்கிறது. 1981-இல் பாபி சாண்ட்ஸ் இறந்தது 66-ஆம் நாளில். நூறு நாளைத் தாண்டிய பாலஸ்தீனக் கைதிகளில் பலர் இடையிடையே வைட்டமினோ நரம்பு வழி உப்புநீரோ ஏற்றுக்கொண்டவர்கள்; அதனால் அவர்களின் பட்டினி போலியாகிவிடாது, சாவு தள்ளிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

அதே 66 என்ற எண் காதர் அத்னானின் பெயரோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெனினுக்குத் தெற்கேயுள்ள அர்ராபா என்ற ஊர்க்காரரான அவர் கணிதம் படித்தவர், பிழைப்புக்கு ரொட்டிக்கடை நடத்தியவர், இஸ்லாமிய ஜிஹாதின் அரசியல் முகமாக அறியப்பட்டவர், பத்துக்கும் மேற்பட்ட முறை கைது செய்யப்பட்டவர். 2011 டிசம்பர் 17-ஆம் நாள் விடியற்காலை வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர் மறுநாளே, விசாரணையில் தம்மை நடத்திய விதத்தை எதிர்த்து, உணவை நிறுத்தினார். ஜனவரியில் நான்கு மாத நிர்வாகக் காவல் ஆணை வந்தபோது அவர் ஏற்கெனவே மூன்று வாரங்களுக்கு மேல் உண்ணாமல் இருந்தார். தலைவர்களின் கட்டளையோ கைதிகள் குழுவின் தீர்மானமோ இல்லாமல் தனியொருவராகத் தொடங்கிய இந்தப் போராட்டத்தை ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது நாள் தாண்டி, சஃபத் நகர மருத்துவமனைக் கட்டிலில் விலங்கிடப்பட்டு அவர் கிடக்கும் செய்தி பரவியபோது மேற்குக் கரையிலும் காஸாவிலும் தெருக்கள் நிறைந்தன. எழுந்து நிற்கவே முடியாத ஒரு மனிதரின் கால் கட்டிலின் இரும்போடு பிணைக்கப்பட்டிருந்தது என்ற அந்த ஒரு விவரம், அவரால் ஆபத்து என்று கூறிய இரகசியக் கோப்புக்கு எதிர்க்கோப்பாக அமைந்துவிட்டது. 2012 பிப்ரவரி 21 அன்று உச்ச நீதிமன்ற விசாரணை தொடங்க இருந்த வேளையில் உடன்பாடு ஏற்பட்டது: புதிய சாட்சியம் வராவிட்டால் காவலை நீட்டிப்பதில்லை, ஏப்ரல் 17-இல் விடுதலை. பாலஸ்தீனர்கள் கைதிகள் தினமாக அனுசரிக்கும் நாள் அது.

அந்த உடன்பாட்டில் கிடைத்தது என்ன என்று கூர்ந்து பார்க்க வேண்டும். ஆணை தவறு என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, கோப்பு திறக்கப்படவில்லை, நீதிமன்றம் தீர்ப்பும் சொல்லவில்லை. கிடைத்தது ஒரு தேதி. சட்டம் தர மறுத்த காலவரம்பை, தாங்கும் நாள் இத்தனை என்ற தன் வரம்பைக் காட்டி உடல் வாங்கிக் கொடுத்தது. இந்தப் போராட்டங்களின் பெயர்ப்பட்டியல் எண்களின் பட்டியலாகவே நினைவில் நிற்பதும் இதனால்தான்: பத்திரிகையாளர் முஹம்மது அல்-கீக் 94 நாள், மாஹெர் அல்-அக்ரஸ் 103 நாள், ஹிஷாம் அபு ஹவாஷ் 141 நாள். கைதி இத்தனை மாதமாகக் காவலில் இருக்கிறார் என்று எந்தத் தலைப்பும் சொல்வதில்லை; உண்ணாமல் இத்தனையாவது நாள் என்றுதான் செய்தி தொடங்குகிறது, சுவரொட்டியில் அந்த எண்ணைத்தான் நாள்தோறும் மாற்றி எழுதுகிறார்கள். எண்ணப்படாத காலத்துக்குள் இருந்துகொண்டே ஒருவர் தமக்கென ஒரு நாட்காட்டியைத் தொடங்கி, அதை ஊர் முழுக்கப் புரட்டவைக்கிறார்.

அத்னானைப் பின்பற்றி ஹனா ஷலபி 43 நாள் உண்ணாமலிருந்து, மூன்றாண்டு காஸாவில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலையானார்; ரஃபாவைச் சேர்ந்த கால்பந்து வீரர் மஹ்மூத் சர்சக் மூன்றாண்டுக் காவலுக்குப் பின் 2012 ஜூலையில் வீடு திரும்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 17-இல் ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட கைதிகள் கூட்டாகத் தொடங்கிய போராட்டம், எகிப்தின் சமரசத்தால் மே 14-இல் முடிந்தபோது நீண்டகாலத் தனிமைச் சிறையிலிருந்தோரைப் பொதுப் பிரிவுக்குக் கொண்டுவந்தது.

அரசும் கற்றுக்கொண்டது. குழாய் வழியே பலவந்தமாக உணவூட்டுவது அதற்குப் புதிதல்ல: 1970-இல் அஷ்கெலோன் சிறையில் அப்துல் காதிர் அபுல் ஃபஹ்மும், 1980-இல் நெகேவ் பாலைவனத்தின் நஃப்ஹா சிறைப் போராட்டத்தில் ராசிம் ஹலாவாவும் அலி அல்-ஜஅஃபரியும் அப்படி உணவூட்டப்பட்டதை அடுத்து இறந்தார்கள். மூக்கின் வழியே செலுத்தும் குழாய் இரைப்பைக்குப் போகாமல் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் ஊற்றப்படும் திரவம் நுரையீரலை நிரப்பும். திமிறுகிறவரைப் பிடித்து அமுக்கிக்கொண்டு செய்யும்போது அது எளிதில் நேரும். அந்தச் சாவுகளுக்குப் பிறகு கைவிடப்பட்ட வழக்கத்துக்கு 2015 ஜூலை 30-இல் இஸ்ரேலிய நாடாளுமன்றம் 46-க்கு 40 என்ற வாக்கில் சட்ட வடிவம் கொடுத்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதைச் செல்லும் என்றது. எதிர்த்து நின்றவர்கள் இஸ்ரேலின் சொந்த மருத்துவர்கள். தெளிந்த அறிவோடு உணவை மறுப்பவருக்குப் பலவந்தமாக ஊட்டக் கூடாது என்ற உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா பிரகடனத்தைக் காட்டி அந்நாட்டு மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களை ஒத்துழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. முஹம்மது அல்லான் என்ற வழக்கறிஞர் 2015-இல் பட்டினி கிடந்தபோது பீர்ஷேபா மருத்துவமனையின் மருத்துவர்கள் மறுத்துவிட்டதால் அவரை அஷ்கெலோனுக்கு மாற்ற வேண்டியிருந்தது. இந்த வரலாற்றில் மனம் ஆறுதல் கொள்ளும் இடங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று.

அல்லானின் வழக்கில்தான் இந்தச் சட்டத்தின் அடிமனம் வெளியே தெரிந்தது. மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு மீளவே முடியாதது என்று பரிசோதனையில் தெரிந்தால் காவலை ரத்துசெய்யத் தயார் என்று அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் கூறியது. நீதிமன்றமும் 2015 ஆகஸ்டில், அவர் இருக்கும் உடல்நிலையில் அவரால் ஆபத்தில்லை என்பதால் மருத்துவமனையில் இருக்கும்வரை காவலை ‘நிறுத்திவைப்பதாக’ ஆணையிட்டது. அறுபது நாட்களுக்கு மேல் நீண்ட போராட்டம் முடிந்து, உண்டு தேறி, செப்டம்பரில் மருத்துவமனையை விட்டு வெளியேற இருந்தவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். அல்-கீகுக்கும் அல்-அக்ரஸுக்கும் பின்னர் இதே ‘நிறுத்திவைப்பு’ கையாளப்பட்டது: சட்டப்படி அவர்கள் காவலில் இல்லை, ஆனால் மருத்துவமனையை விட்டு விரும்பிய இடத்துக்குப் போகவும் முடியாது. சாகக் கிடப்பவரை ஏன் சிறையில் வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியிலிருந்து அரசைத் தப்புவிக்க இதைவிட நேர்த்தியான கருவி கிடைத்திருக்காது. ஒருவரின் ஆபத்து அவர் செய்ததிலோ நினைத்ததிலோ இல்லாமல் அவருடைய உடல் எடையில் இருக்கிறது, மெலிந்தால் குறைகிறது, சோறு கண்டால் கூடுகிறது என்று ஒரு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் நடந்துகொண்டது சட்ட வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது.

தனிமனிதப் போராட்டத்துக்கு எதிரான ஐயம் கைதிகளிடையிலேயே உண்டு. கூட்டுப் போராட்டமே மரபு என்று பழகிய இயக்கத்தில், ஒவ்வொருவரும் தம் தேதிக்காகத் தனியே பட்டினி கிடந்தால் அந்த ஒருவருக்குக் கதவு திறக்கும், சட்டம் அப்படியே நிற்கும் என்பது அவர்களின் வாதம். 2014-இல் நிர்வாகக் காவல் கைதிகள் ஒன்றாகச் சேர்ந்து, இந்த முறையையே ஒழிக்கக் கோரி 63 நாள் உண்ணாமலிருந்தார்கள். மேற்குக் கரையில் மூன்று இஸ்ரேலிய இளைஞர்கள் கடத்தப்பட்டு உலகின் கவனம் அங்கே திரும்பியதோடு கைக்கு எதுவும் வராமல் அது முடிந்தது. 2022-இன் தொடக்கத்தில் ஐந்நூறு பேர் அளவில் ராணுவ நீதிமன்றத்தையே புறக்கணித்தார்கள். தாங்கள் வராமலேயே பரிசீலனை நடக்கட்டும், நாடகத்துக்கு நடிகர்களைத் தர மாட்டோம் என்பது அதன் சாரம். நீட்டிப்பு ஆணைகள் நிற்கவில்லை. அத்னான் முதலில் வென்ற 2012 தொடக்கத்தில் முந்நூறை ஒட்டியிருந்த காவல் எண்ணிக்கை, 2023 அக்டோபர் தொடங்கும்போது 1,300-ஐத் தாண்டியிருந்தது. தனியே பெற்ற வெற்றிகளைக் கூட்டினால் ஒரு பொது வெற்றி வராது என்ற அந்த ஐயம் சரியாகிவிட்டது. ஆனால் கூட்டாக நின்றதும் வெல்லவில்லை என்பதால், தம் ஒரு தேதிக்காக உயிரைப் பணயம் வைத்தவரைத் தன்னலக்காரர் என்று சொல்லவும் வழியில்லை.

அத்னான் பின்னும் பல முறை பட்டினி கிடந்தார். 2015-இல் 55 நாள், 2018-இல் 58 நாள். 2023 பிப்ரவரி 5-இல் கடைசியாகக் கைதானபோது அவர் மீது நிர்வாகக் காவல் ஆணை இல்லை. தடைசெய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினர் என்றும் தூண்டும் பேச்சு என்றும் ராணுவ நீதிமன்றத்தில் முறையான குற்றச்சாட்டே பதிவாகியிருந்தது. தேதி கேட்பதற்கு எழுந்த போராட்டம் குற்றப்பத்திரிகையின் முன்னால் செயலற்றுப்போனது. பொது மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும் என்று மனித உரிமைக்கான மருத்துவர்கள் அமைப்பு விடுத்த வேண்டுகோள்கள் பலிக்கவில்லை. உண்ணாமலிருந்த 86 நாட்களுக்குப் பிறகு, மே 2 விடியலில், ராம்லா சிறை மருத்துவப் பிரிவின் அறையில் அவர் நினைவற்றுக் கிடந்தார்; பிழைக்கவில்லை. ஒன்பது பிள்ளைகளின் தந்தை. உடலைக்கூடக் குடும்பத்திடம் கொடுக்க அரசு மறுத்தது.

அந்த ஆண்டு அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு வெற்றுக் குடல்களின் போர் நடப்பதற்கான தரையே இல்லாமல் போயிற்று. நிர்வாகக் காவலில் இருப்போர் மூவாயிரத்தைத் தாண்டினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறை வருகை நின்றது. சிறைக் கடைகள் மூடப்பட்டன, கைதிகள் தாங்களே சமைத்துக்கொள்ளும் வசதி பறிக்கப்பட்டது, உணவின் அளவு வெட்டப்பட்டது, அந்த வெட்டைச் சிறைகளுக்குப் பொறுப்பான அமைச்சர் இதமர் பென் க்விர் தம் சாதனையாகவே பேசினார். உண்ண மறுப்பதற்கு முதலில் உணவு வேண்டும். மறுப்பதைப் பார்த்து எண்ணிச் சொல்ல வெளியே ஒருவர் வேண்டும். எதிராளிக்குக் கைதி செத்துவிடக் கூடாது என்ற கவலை சிறிதாவது வேண்டும். மூன்றும் சேர்ந்து போய்விட்ட நிலையில், குற்றம் சாட்டப்படாமல் மெகிடோ சிறையில் இருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2025 மார்ச்சில் இறந்தான். உடற்கூறாய்வில் கடும் பட்டினியின் அடையாளங்கள் பதிவாயின. அவன் எந்தப் போராட்டத்திலும் இல்லை.

இதற்கிடையே 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இஸ்ரேல் காட்ஸ், மேற்குக் கரையின் யூதக் குடியேறிகள் மீது நிர்வாகக் காவல் ஆணை இனிப் பிறப்பிக்கப்படாது என்று அறிவித்தார். பாலஸ்தீனர்களுக்கு அந்த ஆணை தொடர்கிறது. 2025 செப்டம்பர் 7-ஆம் நாள் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம், மனித உரிமை அமைப்புகளின் மனுவை ஏற்று, பாதுகாப்புக் கைதிகளுக்குப் போதிய உணவு தரப்படுவதை அரசு உறுதிசெய்யவில்லை என்றும் உறுதிசெய்தாக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் அதற்கு உடன்படவில்லை.